மருத்துவச் செலவும் காப்பீட்டு அட்டையும்: நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

2013-இல் ஓர் இரவு, முக்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாடகைக் காரில் ஏற்றி, நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். முன்பணம் கட்டினால்தான் மேற்கொண்டு பார்க்க முடியும் என்றார்கள். அம்மா அங்கேயே தோட்டையும் சங்கிலியையும் கழற்றி என் கையில் கொடுத்தார். பீடி சுற்றிச் சுற்றிச் சேர்த்த நகை அது. தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் வருமானத்துக்கு அட்டை கிடைத்திருக்கும். "நமக்கு என்ன நோயா இருக்கிறது" என்று எடுக்காமல் விட்டிருந்தோம். அந்தக் கடனை அடைக்க ஐந்து வருடம் ஆனது.

அதன் பிறகு தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் விண்ணப்பம் எழுதவும், மருத்துவமனைக்குத் துணைக்குப் போகவும் ஆரம்பித்தேன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை யாருக்குக் கிடைக்கும்? எங்கே போய் எடுப்பது?

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ஆக இருந்த வரம்பை 2022-இல் உயர்த்தினார்கள். பழைய வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு "நமக்குக் கிடைக்காது" என்று இருப்பவர்கள் இன்னும் உண்டு. அவர்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

குடும்ப அட்டை, குடும்பத்தார் அனைவரின் ஆதார், வருவாய்த் துறை தரும் வருமானச் சான்று ஆகிய மூன்றும் தேவை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துப் பரிந்துரைப்பார். பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தாருக்கு அது கொக்கிரகுளம். ஆலங்குளம், கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்தவர்கள் 2019 நவம்பருக்குப் பிறகு தென்காசி மாவட்டம். பழைய பழக்கத்தில் கொக்கிரகுளம் வந்து, ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குடும்ப அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் இந்தத் திட்டத்தில் குடும்பம். கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோர் அதில் வருவார்கள். மருமகள் வந்து மூன்று வருடம் ஆகியிருக்கும், பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருக்கும். பிரசவத்தில் சிக்கல் வரும் அன்றைக்குத்தான் அது தெரியவரும். ஆதாரில் ஓர் எழுத்து, ரேஷன் அட்டையில் ஓர் எழுத்து என்று இருந்தாலும் இப்போதே திருத்திவிடுங்கள்.

கையில் அட்டை இருந்தும் தனியார் மருத்துவமனையில் பணம் கேட்டார்களே, ஏன்?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் பணத்தைக் கட்டிவிட்டு வந்துதான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்த மருத்துவமனையிலும் நீட்டினால் செல்லுபடியாகும் அட்டை அல்ல இது. திட்டத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவமனையாக இருக்க வேண்டும். சேர்க்கப்பட்டிருந்தாலும் உங்கள் நோய்க்கான பிரிவுக்கு அங்கே அனுமதி இருக்க வேண்டும். எலும்புக்கு அனுமதி பெற்ற இடத்தில் இதயத்துக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். அடுத்து, உங்களுக்குச் செய்யும் சிகிச்சை திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். காய்ச்சலுக்கு இரண்டு நாள் படுத்து எழுந்ததெல்லாம் பெரும்பாலும் அதில் வராது. சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளில் மட்டும் செய்துகொள்ளலாம் என்றும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் சரியாக இருந்தாலும் சிகிச்சைக்கு முன்பு காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதியை மருத்துவமனை கேட்டுப் பெற வேண்டும். அந்த அனுமதி வருவதற்குள் "இப்போதைக்கு இவ்வளவு கட்டுங்கள்" என்பார்கள். பதறிப்போய் நாமும் கட்டிவிடுவோம்.

பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு பில்லைக் காட்டித் திரும்பப் பெறும் திட்டம் அல்ல இது. ஆகவே உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக, திட்டத்துக்கான தொடர்பு அலுவலர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் அப்படி ஒருவர் இருப்பார். "இந்தச் சிகிச்சை அட்டையில் வருமா, வராதா? வருமென்றால் ஏன் பணம்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அங்கே நின்றபடியே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பிறகு புகார் கொடுக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அந்த ரசீதுதான்.

ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்கிறார்கள். பிறகு ஏன் எல்லோரும் கடனாளி ஆகிறோம்?

2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்தபோது தொகையை 5 லட்சமாக உயர்த்தினார்கள். அதனால் அறுவைச் சிகிச்சையின் பாரம் உண்மையிலேயே குறைந்திருக்கிறது. குறை சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் காப்பீடு பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாள்களின் சிகிச்சையைத்தான். நோய் என்பது அந்த மூன்று நாளோடு முடிவதில்லை. களக்காட்டிலிருந்து ஓர் அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய். சிகிச்சைக்கு அட்டை ஈடுகொடுத்தது. ஆனால் அதற்கு முன்னால், என்ன நோய் என்று கண்டுபிடிக்க நான்கு இடங்களில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. எல்லாம் கைக்காசு. பிறகு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு பேருக்குப் போகவர பஸ், மதியச் சாப்பாடு, முடியாத நாளில் ஆட்டோ. துணைக்கு வந்த மகள் வாழைத் தோட்ட வேலைக்குப் போகவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். அறுவைக்கு ஒரு ரூபாயும் தராத குடும்பம் எட்டு மாதத்தில் 70,000 ரூபாய்க்குக் கடன் வாங்கியிருந்தது.

தேசிய அளவிலும் இதே கதைதான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது 2013-14-இல் 64.2 சதவீதம், 2021-22-இல் 39.4 சதவீதம் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. குறைந்திருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் நூற்றுக்கு அந்த 39 ரூபாய் பெரும் பணக்காரர் கையிலிருந்தும் போகிறது, பீடித் தட்டோடு உட்கார்ந்திருப்பவர் கையிலிருந்தும் போகிறது. இரண்டு பேருக்கும் அது ஒரே 39 ரூபாய் அல்ல.

எனக்கு அதிகம் கவலை தருபவர்கள் இன்னொரு கூட்டத்தார். மாதம் பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதித்தாலே ஆண்டு வருமானம் வரம்பைத் தாண்டிவிடும். ஜவுளிக்கடையில் நிற்பவர், வேன் ஓட்டுபவர், தனியார் பள்ளி ஆசிரியை ஆகியோருக்கு அரசு அட்டை கிடைக்காது, தனியார் காப்பீட்டுக்கான பிரீமியமும் கட்டுப்படியாகாது. இவர்கள் கணக்கில் வராமல் நடுவில் நிற்கிறார்கள். 1,20,000 என்ற வரம்பை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தியே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போக அட்டை வேண்டுமா?

வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருப்பது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1965-இல் தொடங்கிய கல்லூரி அது. அட்டை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனாலும் அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கான தொகை அந்த அரசு மருத்துவமனைக்கே போய்ச் சேரும். அதைக் கொண்டு கருவி, உபகரணம் எல்லாம் வாங்குகிறார்கள்.

கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், கழிப்பறையைப் பற்றி எல்லோருக்கும் மனக்குறை உண்டு. நானும் அந்த வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். ஆனால் இதய சிகிச்சை, சிறுநீரகம், நரம்பியல் என்று உயர் சிகிச்சைப் பிரிவுகள் அங்கே இருக்கின்றன. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஆஞ்சியோ செய்கிறார்கள், டயாலிசிஸ் செய்கிறார்கள். "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான் என்று ஊர் பேசுமே" என்ற கூச்சத்துக்காக வயலை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ஊர் வட்டி கட்ட வராது.

நள்ளிரவில் நெஞ்சுவலி, பக்கவாதம் என்றால்?

108. வாடகைக் கார் தேடாதீர்கள். அட்டையைத் தேடியும் நேரத்தைப் போக்காதீர்கள். அதைப் பின்னால் ஒருவர் எடுத்து வரலாம். எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்று ஆம்புலன்ஸில் வருபவரிடம் கேளுங்கள்.

சாலை விபத்து என்றால்?

2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவைத் தமிழக அரசு ஏற்கிறது. அட்டை, வருமானம், சொந்த ஊர் எதுவும் தடையில்லை. நான்குவழிச் சாலையில் அடிபடுபவர்களுக்காகவே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் கிடைக்கும்.

அம்மா பீடி சுற்றுகிறார். தனியாக ஏதாவது உதவி உண்டா?

உண்டு. 1976-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் இதற்காகவே வந்தது. மத்திய தொழிலாளர் நல அமைப்பு நடத்தும் மருத்துவமனை முக்கூடலிலேயே இருக்கிறது. அடையாள அட்டை இருந்தால் அங்கே சிகிச்சையும் மருந்தும் கிடைக்கும். இதயம், சிறுநீரகம், புற்றுநோய் சிகிச்சைகளுக்கான செலவைத் திரும்பப் பெறவும் அந்த நிதியில் வழி உண்டு. அரசு காப்பீட்டைப் போல அல்லாமல், இங்கே பில்லும் ரசீதும்தான் உயிர். ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வீட்டில் சுற்றும் பெண்களில் பலர் வேறொருவர் பாஸ் புத்தகத்தில் பீடி போடுகிறார்கள். தங்கள் பெயரில் பதிவே இருக்காது. முப்பது வருடம் சுற்றி நுரையீரல் கெட்ட பிறகும், காகிதத்தில் அவர் பீடித் தொழிலாளி அல்ல. என் அம்மா தன் பெயரில் அட்டை வாங்க வருடக்கணக்கில் நடந்தார். இப்போது இளம் வயதில் சுற்றும் பெண்கள் அதை இன்றே கேட்டு வாங்க வேண்டும்.

மகனுக்குக் கம்பெனியில் காப்பீடு இருக்கிறது. அது போதாதா?

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனத்தில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்க வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தம் செய்துவிட்டு எண்ணைத் தராமல் இருந்தால் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

சென்னை, பெங்களூர் நிறுவனங்களின் குழுக் காப்பீடு வேறு. வேலை போகும் அன்றைக்கு அதுவும் போய்விடும். பெற்றோர் பெயரைச் சேர்த்திருக்கிறாரா என்று மகனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கத் தயங்கி, இல்லையென்பதை மருத்துவமனையில் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

தனியார் பாலிசி எடுக்கப்போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

அரசு அட்டைக்குத் தகுதி இல்லாதவர்கள் முடிந்தால் எடுக்கத்தான் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளின் பிரீமியத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டிருக்கிறது. வயது 65-ஐத் தாண்டியவர்களுக்குப் பாலிசியே தர முடியாது என்ற பழைய தடையும் 2024-இல் போய்விட்டது.

முகவர் 5 லட்சம், 10 லட்சம் என்று பெரிய எண்ணைக் காட்டுவார். நீங்கள் சின்ன எழுத்தில் அறை வாடகை வரம்பைத் தேடுங்கள். நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் அதுதான். பாலிசி 5 லட்சம், ஒரு நாள் அறை வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 10,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறீர்கள். அறைக்கு 40,000, மருத்துவர், அறுவைக் கூடம் முதலிய கட்டணங்கள் 1,20,000. அறைக்கு மட்டும் 20,000 குறைப்பார்கள் என்று நினைப்போம். அப்படி இல்லை. வரம்பைப்போல் இரண்டு மடங்கு அறை எடுத்ததால் அந்த 1,20,000-லும் பாதியைத்தான் தருவார்கள். ஆக 80,000 ரூபாய் உங்கள் தலையில். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்பது விதி. பில்லில் அதைச் சரிபாருங்கள். அறை வரம்பே இல்லாத பாலிசி கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் வரம்புக்குள் இருக்கும் அறையையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது காத்திருப்புக் காலம். முதல் 30 நாளில் விபத்தைத் தவிர எதற்கும் தரமாட்டார்கள். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்றுக்கெல்லாம் பெரும்பாலும் இரண்டு வருடம் ஆகும். பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம். ஒவ்வொரு பில்லிலும் உங்கள் பங்கு இத்தனை சதவீதம் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் பாலிசி கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சர்க்கரை இருப்பதை மறைத்துவிடுங்கள் என்று முகவர் சொல்கிறாரே?

மறைக்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், மூன்று வருடம் காத்திருக்கவும் நேரலாம். ஆனால் மறைத்தது தெரிந்தால் முழுத் தொகையையும் மறுப்பார்கள், பாலிசியையும் ரத்து செய்வார்கள். விண்ணப்பத்தை முகவரிடம் விடாமல் நீங்களே நிரப்புங்கள், கையெழுத்திட்ட நகலை வாங்கி வையுங்கள். தொடர்ந்து ஐந்து வருடம் பிரீமியம் கட்டிய பிறகு, பழைய விவரம் தரவில்லை என்று சொல்லி மறுக்க முடியாது; மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். பெரும்பாலோர் இங்கே விட்டுவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். மறுத்த காரணத்தைப் பாலிசியின் எந்த நிபந்தனை என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குக் கடிதம் எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரிடம் முறையிடலாம். நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையான வழக்கை எடுத்துக்கொள்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவி எண் 155255.

நோயாளியின் மருத்துவக் குறிப்புகள் வேண்டுமென்றால் மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டியது அவர்கள் கடமை.

பாக்கி இருக்கிறது என்று நோயாளியை விடமாட்டேன் என்றால்?

பணத்துக்காக நோயாளியைப் பிடித்து வைக்கவோ, இறந்தவர் உடலைத் தர மறுக்கவோ எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. நோயாளிகளின் உரிமைச் சாசனம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பாக்கியை வசூலிக்க அவர்களுக்கு வேறு சட்ட வழி உண்டு. குரலை உயர்த்தாமல், கூட்டம் சேர்க்காமல், காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

பில்லை வரிவரியாகக் கேட்டு வாங்குங்கள். இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரி முதல் அரசு உச்ச விலை வைத்திருக்கிறது. அதன் பெயரும் விலையும் பில்லில் தனியாக இருக்க வேண்டும். அவர்களுடைய மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மாதாமாதம் மாத்திரைச் செலவு தாங்கவில்லை.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். "மக்களைத் தேடி மருத்துவம்" வழியாக வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கிராம செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மற்ற மாத்திரைகளுக்கு மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்டு, மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ வாங்குங்கள். விலை வித்தியாசத்தை முதல் சீட்டிலேயே பார்ப்பீர்கள்.

வேறு வழியே இல்லை, கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்?

நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வையுங்கள். மருத்துவமனை வாசலில் "உடனே தருகிறேன்" என்று வருபவரிடம் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள், வெற்றுப் பத்திரத்தில் நிச்சயமாகப் போடாதீர்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும் 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்ததை இந்த மாவட்டம் பார்த்தது. மிரட்டல் வந்தால் தனியாக வைத்துக் குமையாமல் யாரிடமாவது சொல்லுங்கள், காவல் துறையில் புகார் கொடுங்கள்.

உங்கள் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

நன்றாக இருக்கிறார். 2019-இல் மறுபடி நெஞ்சுவலி வந்தது. இந்த முறை 108-இல் ஹைகிரவுண்டுக்குப் போனோம், அட்டையை நான் பின்னால் பஸ்ஸில் எடுத்துப் போனேன். ஆஞ்சியோவுக்கும் ஸ்டென்ட்டுக்கும் ஒன்றும் கட்டவில்லை. பதினொரு நாளில் சாப்பாடு, பஸ், வெளியே வாங்கிய இரண்டு மருந்து எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய் ஆனது. அம்மா அதைப் பீடிக் கணக்கு நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். முதல் தடவை அடகு போனதில் சங்கிலியை மீட்டுவிட்டோம். தோடு ஏலத்தில் போய்விட்டது.